அம்பாசடரில் துரு: ஒட்டுப் போடுவதா, தகட்டையே மாற்றுவதா?

உவரி, மணப்பாடு பக்கம் ஓடிய அம்பாசடரும் தென்காசி, குற்றாலம் பக்கம் ஓடிய அம்பாசடரும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. கடற்கரை வண்டியில் உப்புக்காற்று மட்கார்டு மடிப்பு, டோர் அடிவிளிம்பு, வண்டியின் அடிப்பக்கம் என்று வெளியிலிருந்து தின்னும். சாரல் ஊர் வண்டியில் மேட் விரிப்புக்கு அடியில் ஊறிக் கிடக்கும் ஈரம் ஃப்ளோரை மேலிருந்து அரிக்கும். ஆகவே ஓட்டையின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். துரு எங்கிருந்து வந்தது, உள்தகடு உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சீட்டு, மேட் எல்லாவற்றையும் கழற்றி, அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காய விடுங்கள். சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி டோர், மட்கார்டு மேல் இழுத்துப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பழைய பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தடிமனாக இருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். பிறகு பெயின்டைக் கிரைண்டரால் எடுத்து, துருவில்லாத வெள்ளைத் தகடு தெரியும் எல்லையைச் சாக்பீஸால் வரையுங்கள். வெளியே தெரிந்த பெயின்ட் கொப்புளத்தைவிட அந்த வட்டம் எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

குழி விழுந்திருந்தாலும் தகடு அழுத்தத்துக்கு அசையவில்லை என்றால் வெட்டவே வேண்டாம். சுரண்டி, துரு மாற்றும் ஆசிட் தடவி, டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்தி, எபாக்சி பிரைமர் அடித்தால் போதும். ஒற்றைத் தகட்டில் ஓட்டை, சுற்றிலும் 25 மி.மீ. நல்ல தகடு இருக்கிறது என்றால் ஒட்டு. அரிப்பு அந்தத் தகட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, இரண்டு தகடு மடிந்து சேரும் விளிம்புக்குள் புகுந்தாலோ மாற்றுவதே சரி. மடிப்புக்குள் கிரைண்டரும் போகாது, பிரைமரும் போகாது. மேலே எவ்வளவு அழகாக ஒட்டுப் போட்டாலும் துரு உள்ளேயே வேலையைத் தொடரும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்ற எளிது. அதில் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுக் கூலி கொடுப்பது வீண்.

அம்பாசடருக்கு லாரிபோலத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரத்தைச் சுமக்கிறது. டோருக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், பழைய மாடல்களில் முன்பக்க டார்ஷன் பார் (முறுக்கி நின்று ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றிலும் மேலே தகடு ஒட்டி மூடுகிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அரித்ததை முழுக்க வெட்டி, பழைய கனத்துக்குக் குறையாத தகடு வைத்துத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும் முன் டோர் வாசலில் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, டோர் மூடாமல் போகும். டார்ஷன் பார் முறுக்கிலேயே நிற்பது, முறுக்கைத் தளர்த்தாமல் அதன் பக்கம் கை வைப்பது ஆபத்து. சேசிஸ் எண் பொறித்த தகட்டை ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் வெட்டவே கூடாது.

ஒட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு) வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம். துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது, வெல்டிங்கும் பொத்தலாகும். அட்டையில் அச்சு எடுத்து, மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும். பல பட்டறைகளில் பழைய தகட்டின் மேலேயே புதியதை ஏற்றி வைத்துப் பற்றவைக்கிறார்கள். வேகமான வேலைதான், ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே தண்ணீர் தங்கி, புதுத் தகட்டையும் சேர்த்து அரித்துவிடும். விளிம்போடு விளிம்பு, நடுவில் சுமார் 1 மி.மீ. இடைவெளி விட்டு வைப்பதே முறை. 0.8 மி.மீ. வயரில் சி.ஓ.2 வெல்டிங் (வாயு பீய்ச்சியபடி வயரை உருக்கும் முறை), 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி, ஆற விட்டுச் செய்யுங்கள். டோர் மாதிரி அகலத் தகட்டில் கேஸ் வெல்டிங் சூடு பரவி நெளிவு விழும், அப்புறம் அதை மறைக்கப் பட்டியை அள்ளி அப்ப வேண்டிவரும். பட்டி 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளியே வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். மாசி, பங்குனி நல்லது. அப்போதும் கடலோர ஊரில் வெள்ளைத் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் பழுப்பு ஏறியிருக்கும். வெட்டிய அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். சாதாரண பிரைமர் ஈரம் உறிஞ்சும், அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை வெளியே நிறுத்தக் கூடாது.

பெயின்டு முடிந்ததும் டோர், பெட்டிகளின் உள்ளே துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சுங்கள். கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் ரப்பரைக் கெடுக்கும். டோர் அடியில் இருந்த வடிகால் துளையை ஒட்டு மூடியிருந்தால் 8 மி.மீ. டிரில்லால் திறந்துவிடுங்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது நிற்காமல் கீழே வடிய வேண்டும். வடியவில்லையென்றால் வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்காதீர்கள்.