வாடகை வீட்டின் பெரிய ரிப்பேர்: கணக்கு தப்பும் இடங்கள்

சென்னையில் வாடகைக்கு விடலாம் என்று பழைய ஃப்ளாட் வாங்குகிறவர்கள் பத்திரச் செலவு, வங்கித் தவணை, பெயின்ட் வரை கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மொட்டைமாடி ஒழுகும், சுவருக்குள் ஓடும் பைப் துருப்பிடிக்கும், லிஃப்ட்டை மாற்ற வேண்டி வரும் என்பதை மட்டும் ‘வரும்போது பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். வருவது நிச்சயம், எந்த வருஷம் என்பதுதான் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு மாத வாடகையை எடுத்துவைத்தால் போதும் என்பார்கள். ஐந்து வயதுக் கட்டடத்துக்குப் போதலாம், முப்பது வயதுக் கட்டடத்துக்குப் போதாது. இரண்டுக்கும் வாடகை ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் வாடகையை வைத்து ரிப்பேரை அளக்க முடியாது. கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். துருவேறிய கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன்ஷேட், பால்கனி அடிப்பக்கத்தில் கம்பியின் போக்கிலேயே நீள விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால், பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது காசைக் கரியாக்குவதுதான். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும்.

மொட்டைமாடித் தளம், பைப், வயரிங், மோட்டார், லிஃப்ட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், இன்றைய விலையில் என்ன ஆகும் என்று வேலை தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஒரு வேலையில் உங்கள் பங்கு 2 லட்சம், அது வர இன்னும் நான்கு வருஷம் என்றால், மாதம் சுமார் 4,200 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். 18,000 ரூபாய் வாடகையில் அது எவ்வளவு பெரிய துண்டு! விலை பேசும்போதே இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

அசோசியேஷன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். கார்ப்பஸ், அதாவது பெரிய செலவுக்கென்று எல்லோரும் சேர்த்துவைக்கும் பொதுப் பணம், இல்லாத இடத்தில் ‘மாடி ஒழுகினால் எனக்கென்ன’ என்று தரைத்தளத்துக்காரர் கையை விரித்தால், மேல்மாடி வாங்கியவர்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் தவிப்பார்.

எல்லாவற்றிலும் மோசமானது, அட்வான்ஸை எடுத்து ரிப்பேர் செய்வது. அது குடியிருப்பவரின் பணம். அவர் காலி செய்கிற மாதத்தில் அட்வான்ஸையும் திருப்ப வேண்டும், வாடகையும் நின்றுபோகும், வீட்டிலும் வேலை கிடக்கும். அப்போதுதான் பலர் தனிநபர் கடன் வாங்குகிறார்கள், அல்லது இல்லாத சேதத்தைக் காட்டி அட்வான்ஸில் பிடிக்கிறார்கள். இரண்டாவது அநியாயம். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி கட்டமைப்புப் பழுது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரியான சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருடையவை.

வருமான வரியில் வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவையும் லாபமாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத வருஷத்திலும் அது கிடைக்கும், மூன்று லட்சம் செலவழித்த வருஷத்தில் அதற்குமேல் கிடைக்காது. செலவில்லாத வருஷங்களில் மிச்சமாகும் வரியைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

பைப், வயரிங் வேலைக்குப் பெரும்பாலும் வீடு காலியாக இருக்க வேண்டும். அந்த மாதங்களில் வராமல்போகும் வாடகையையும் ரிப்பேர் செலவிலேயே எழுதுங்கள், ஏனென்றால் வங்கித் தவணை அப்போதும் நிற்காது.