ஏழு பேர் மேஜையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவருக்கு

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த கும்பகோணத்துப் பெண், மதியச் சாப்பாடு முடிந்து லிஃப்டுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் ஏதாவது சொல்லியிருக்கணுமா? ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்துட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு." இவளோடு சேர்த்து மேஜையில் ஏழு பேர். பேச்சு இட ஒதுக்கீட்டுக்குப் போயிருக்கிறது. "உங்க ஊர்ல 69 சதவீதமாமே, அப்புறம் மெரிட்டுக்கு எங்க இடம்?" என்று ஒருவர் இவளைப் பார்த்தே கேட்க, மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

லிஃப்ட் வந்துவிட்டது. நான் பெங்களூருக்கு வந்து பதினாறு வருடம். அன்று அவளிடம் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். சென்னையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு கருத்து, ஓசூரைத் தாண்டியதும் விளக்கம் கேட்கப்படும் கருத்தாகிவிடுகிறது. அதற்குப் பழக வேண்டியிருக்கிறது.

முதலில் பிரித்துப் பாருங்கள்: இது வேலையைத் தொடும் விஷயமா, சாப்பாட்டு மேஜைப் பேச்சா? வேலையைத் தொட்டால் அங்கேயே, அப்போதே பேசியாக வேண்டும். மீட்டிங் பாதியில் இந்திக்கு மாறினால் முதல் நிமிடத்திலேயே "இங்கிலீஷ்ல போகலாமா, ரிக்வயர்மென்ட் எனக்குப் புரியணும்" என்று சொல்லுங்கள். மொழிக் கொள்கை பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்துவிட்டுச் சொன்னால் அதுவே புகாராகத் தெரியும்.

இன்டர்வியூ முடிந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு, வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ரெஸ்யூமேயில் கல்லூரிப் பெயரைப் பார்த்துவிட்டு ஒருவர் "கோட்டா கேஸ் மாதிரி தெரியுது" என்றார். எனக்குக் காது சூடேறியது. ஆனால் சமூக நீதி பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. கோடிங் ரவுண்டில் நான் எழுதிய குறிப்பைத் திரையில் போட்டேன். கேள்வி இரண்டு, இரண்டும் முடித்திருக்கிறான், இரண்டாவதை 25 நிமிடத்தில். "இதுல எது சந்தேகம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கர்சரை அந்தக் காலிக் கட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பையன் இப்போது எங்கள் பேமென்ட் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். கூட்டத்துக்குப் போகும்போது குறிப்பு கையில் இருக்க வேண்டும். அது இல்லாத நாளில் என் நியாயமெல்லாம் வெறும் கோபமாகத்தான் வெளியே வந்திருக்கிறது.

சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். அங்கே பேசியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தலையாட்டிவிடக் கூடாது. "எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க" என்ற ஒரு வரி போதும். சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரலாம். ஏன் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவருக்கு மட்டும் மேலே சொல்லுங்கள். அதற்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 50 சதவீத வரம்பைச் சொன்னது 1992-ல். தமிழ்நாட்டின் 69 சதவீதச் சட்டம் 1994-ல் அரசியல் சாசனத் திருத்தம் மூலம், சட்டங்களுக்கு நீதிமன்றச் சவாலிலிருந்து பாதுகாப்பு தரவென்று வைத்த ஒன்பதாவது அட்டவணைக்குப் போனது. 2019-ல் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 10 சதவீதம் வந்தபோது மத்திய அரசு நிறுவனங்களிலும் மொத்தம் 50-ஐத் தாண்டிவிட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இன்னொன்று, நாம் உட்கார்ந்து சாப்பிடும் தனியார் கம்பெனியில் இட ஒதுக்கீடே கிடையாது. இவ்வளவுதான், இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் எதிரே இருப்பவர் பேசட்டும்.

அவர் பேசும்போது காது கொடுக்க நான் கற்றுக்கொண்டது காவிரித் தகராறில். 2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை, பெங்களூரில் காவிரிக் கலவரம். மதியமே ஆபீஸை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பஸ்கள் டெப்போவிலேயே எரிந்துகொண்டிருந்தன. என் ஸ்கூட்டரில் டி.என். நம்பர் பிளேட். அதை ஆபீஸ் பேஸ்மென்டிலேயே விட்டுவிட்டு தோழியின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். அன்று ராத்திரி டீம் வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒன்று எழுதினேன். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, வாய்க்கால் தண்ணீரை நம்பி குறுவை போட வழியில்லை, அப்பா போனில் பேசவே இல்லை. அத்தனையும் கொட்டிவிட்டு, கடைசியில் இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாரோ வேறு குரூப்பில் போட்டார்கள்.

எங்கள் டீமில் மண்டியாக்காரர் ஒருவர் உண்டு. அவர் வீட்டிலும் கரும்பு, கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணைத் தண்ணீர் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் வந்தால்தான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டிஷ்யூ பேப்பரை விரித்து, பேனாவால் அணையை வரைந்து, கால்வாயை இழுத்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். "எங்க நிலம் இங்க. கால்வாய்ல தண்ணி குறைஞ்சா முதல்ல காயறது நாங்கதான்." கடைமடை என்பதற்கு அவரிடமும் ஒரு சொல் இருந்தது. அதே டிஷ்யூவில் நான், தமிழ்நாட்டுக்கு வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவைக் குறித்து, மேட்டூரை வரைந்து, கல்லணை வழியாக எங்கள் வாய்க்காலைக் கொண்டுபோய் விட்டேன். பேப்பர் போதவில்லை.

2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனதை அவர் நியாயம் என்கிறார், நான் இல்லை என்கிறேன். இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மழைக்காலத்தில் அவர் கே.ஆர்.எஸ். நீர்மட்டம் அனுப்புவார், நான் மேட்டூர் அனுப்புவேன். 124.80 அடி, 120 அடி என்று இரண்டு அணையும் நிரம்பும் நாளில் இருவருமே ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எண்ணை மட்டும் அனுப்பிக்கொள்வோம். ஆக, நேரில் பேசுங்கள். எதிராளியின் தரப்பை அவரே "ஆமாம், அதுதான்" என்று சொல்லும் அளவுக்கு உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு உங்கள் தரப்புக்கு வாருங்கள்.

எழுதுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆபீஸ் லேப்டாப், ஸ்லாக், மெயில் எதுவும் நம்முடையதல்ல. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தரும் பேச்சுரிமை அடிப்படையில் அரசைக் கட்டுப்படுத்துவது. தனியார் முதலாளியிடம் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. அமெரிக்காவிலும் கதை இதுதான். 2017-ல் ஆண் பெண் வேறுபாடு பற்றி உள்ளுக்குள் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்ட கூகுள் எஞ்சினியரை வேலையை விட்டே நீக்கினார்கள். 2020-ல் கிரிப்டோ கம்பெனியான காயின்பேஸும், 2021-ல் சாஃப்ட்வேர் கம்பெனியான பேஸ்கேம்பும் வேலை இடத்தில் அரசியல் பேச்சுக்குத் தடை போட்டன. பேஸ்கேம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் விலகினார்கள். அந்தக் கூகுள் குறிப்பை எழுதியவரோடு எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் பேசச் சொன்ன கம்பெனியே பேசியதற்கு வெளியே அனுப்பவும் முடியும் என்பதை மறக்காதீர்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட நடத்தை விதிகளை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

கருத்து வேறுபாடு வேறு, பாகுபாடு வேறு. "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியைத் துருவுவது, அதை வைத்து வேலை ஒதுக்குவது, அப்ரைசலில் கை வைப்பது எல்லாம் விவாதிக்கும் விஷயமே இல்லை. தேதி, நேரம், கூட இருந்தவர்கள், சொன்ன வார்த்தை, இந்த நான்கையும் அன்று ராத்திரியே வீட்டு நோட்டில் எழுதுங்கள். எச்.ஆருக்குப் போனால் எழுத்தில் போங்கள். கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களுக்கென்று 2017 முதல் ஒரு சங்கமும் இருக்கிறது.

நம் ஆட்களிடமே சிறுபான்மையாக நிற்பதுதான் இன்னும் கடினம். 2024 ஜூலையில் கர்நாடகத்தில் தனியார் வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு கேட்கும் மசோதா வந்தது: நிர்வாகப் பதவிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம். எதிர்ப்பு கிளம்பி சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆபீஸில் எங்கள் தளத்தில் கிட்டத்தட்ட எல்லோருமே எதிர்ப்பு. மசோதா எழுதியிருந்த விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். நம் ஊர் வேலை நம் பிள்ளைக்கு என்று நாம் சொல்வதில்லையா? கோயம்புத்தூர்த் தோழி ஒருத்தி "நீயே இப்படிப் பேசலாமா?" என்று ஒரு வாரம் டீ குடிக்க வரவில்லை. எட்டாவது நாள் நானே போய்க் கூப்பிட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அவளையும் விட்டுவிடவில்லை.

கும்பகோணத்துப் பெண்ணுக்கு இன்னும் ஒன்று. நாளைக்கும் அதே மேஜையில் போய் உட்காரு. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தமிழ் பேசுகிறவர்கள் மேஜைக்குப் போய்விடாதே. அன்று தலையாட்டியவர்களில் ஒருவர் அரை மனதாகத்தான் ஆட்டியிருப்பார். எனக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள், இரண்டு பேருமே காபி மெஷின் பக்கத்தில், யாரும் இல்லாத நேரத்தில் வந்து, "நீங்க அன்னிக்கு சொன்னீங்களே" என்று ஆரம்பித்தார்கள்.