பதாட் படிக்கட்டு வயல்கள் வழியாகத் தப்பியா அருவிக்கு: குழுவாகச் செல்வோர் அறிய வேண்டியவை

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், இபுகாவோ மாகாணத்து மலைகளுக்கு நடுவே, நெல்வயல்கள் பாதி வட்டமாக வளைந்து அடுக்கடுக்காக மேலேறி நிற்கும் சிற்றூர் பதாட். அந்த வயல்களின் வரப்புகள் மீதே நடந்து, எதிர்ப்புறத்து முகட்டைக் கடந்து, செங்குத்தான படிகளில் இறங்கினால் தப்பியா அருவியை அடையலாம். ஊரிலிருந்து புறப்பட்டால் அரைநாளில் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் நாம் நடக்கும் பாதை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதன்று; ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் வயலின் விளிம்பு அது. எத்தனை பேர் போவது, எப்போது புறப்படுவது, எந்த வரிசையில் நடப்பது என்பதையெல்லாம் இதை மனத்தில் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பருவத்தைப் பாருங்கள். இங்கே விளையும் நாட்டு நெல்லுக்குத் 'தினாவோன்' என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை விளைவது என்பது அதன் பொருள். ஒரே போகம் என்பதால், ஆண்டின் தொடக்க மாதங்களில் நட்ட பயிர் ஏப்ரல், மே மாதங்களில் பசேலென்று நிற்கும். ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் கதிர் முற்றி அறுவடை நடக்கும். நடைக்கு நான் பரிந்துரைப்பது ஏப்ரல், மே மாதங்களையே. அறுவடைக் காலம் கண்ணுக்கு இன்னும் அழகானதுதான் என்றாலும், நெற்கட்டைச் சுமந்து வருபவர்களுக்கு அந்த ஒற்றை வரப்புதான் வழி என்பதால், பெரிய குழுவாகச் சென்று அதை அடைத்துக்கொண்டு நிற்பது முறையாகாது. ஜூன் முதல் மழையும் சூறாவளியும் வலுக்கும், மலைச்சாலைகளில் மண் சரியும். பெருமழை பெய்த மறுநாள் என்றால், தயங்காமல் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மணிலாவிலிருந்து பனாவே நகருக்கு இரவுப் பேருந்து ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும். அங்கே பெயரைப் பதிந்து கட்டணம் செலுத்திவிட்டு, ஜீப்னி எனப்படும் உள்ளூர்ப் பயணிகள் வண்டியிலோ வேனிலோ பதாட் நோக்கிச் சாலை முடியும் இடம் வரை சென்று, மீதித் தொலைவை நடக்க வேண்டும். பனாவே நகருக்கு மேலுள்ள காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்புவோர் பலர். 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை பதாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நகாகதான் ஆகிய ஐந்து வயல்தொகுதிகளே. பனாவே நகரத்து வயல்கள் அவற்றுள் இல்லை. இரவெல்லாம் பேருந்தில் குலுங்கி வந்த கால்களோடு அன்றைக்கே அருவிக்கு இறங்குவதையும் நான் ஏற்கமாட்டேன். பதாட்டில் எளிய தங்கும் விடுதிகள் இருக்கின்றன. ஓர் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் புறப்படுங்கள். ஊருக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது என்பதால் தேவையான பெசோவைக் கையிலேயே கொண்டு செல்ல வேண்டும்.

வழிகாட்டியைப் பதாட் ஊரிலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். நேற்றைய மழையில் எந்த வரப்பு சரிந்தது, யார் வயலில் இன்று வேலை நடக்கிறது என்பது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்பது சரியான கணக்கு. நடை தளர்ந்தவரை வழிகாட்டிக்கு அடுத்ததாகவும், பழகிய ஒருவரைக் கடைசியாகவும் நிறுத்தினால், குழுவின் வேகம் தளர்ந்தவரின் வேகமாக அமையும். யாரும் பின்தங்கி ஓட வேண்டியிராது.

பதாட்டில் வயல் அடுக்குகளைத் தாங்கி நிற்கும் சுவர்கள் பெரும்பாலும் கல்லால் ஆனவை. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், கல்லின் மேல் கல்லாக அடுக்கப்பட்டவை. வரப்பின் ஒரு பக்கம் சேறும் நீரும், மறுபக்கம் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பள்ளம். ஒருவர் பின் ஒருவராக, இரண்டு மூன்றடி இடைவெளி விட்டு, அகன்ற கற்களின் நடுவில் பாதத்தை வைத்து நடக்க வேண்டும். தடுமாறினால் வயல் பக்கமாகச் சாயுங்கள். சேற்றில் விழுந்தால் உடைதான் அழுக்காகும், பள்ளத்தில் விழுந்தால் எலும்பு முறியும். ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு ஏற, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கற்களே படி. அவற்றில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏறலாம். நீர் ஒரு வயலிலிருந்து கீழ்வயலுக்கு வழியும் மடைவாயை மிதிக்காமல் தாண்டுங்கள். அங்கே ஒரு கல் நகர்ந்தாலும் மேல்வயல் வடிந்துவிடும், கீழ்ச்சுவர் அரிக்கப்படும், உடைந்ததைக் கட்டும் வேலை ஒரு குடும்பத்தின் தலையில் விழும். எதிரே சுமையோடு யாராவது வந்தால், அகலமான மூலையைத் தேடி முன்கூட்டியே ஒதுங்கி நில்லுங்கள். படம் எடுக்க விரும்புவோர் நின்றுவிட்டு எடுக்க வேண்டும்; நடந்துகொண்டே திரையைப் பார்ப்பவரால் அவருக்குப் பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

முகட்டுக்கு அப்பால் படிகள் தொடங்குகின்றன. இறங்கும்போது மூச்சு வாங்காது, முழங்கால்தான் வலிக்கும். ஊன்றுகோல் இங்கே பெரிதும் உதவும். அருவியின் அடியில் பாறைகள் வழுக்கும், சாரல் ஆளை நனைக்கும். நீர் கொட்டும் இடத்துக்கு அருகில் இழுப்பு வலிமையானது என்பதால், நீந்தத் தெரிந்தவர்களும் கரையோர ஆழமற்ற பகுதியோடு நின்றுகொள்வது நல்லது. மழை பெய்யத் தொடங்கினாலோ, நீர் கலங்கி வந்தாலோ உடனே மேலே ஏறுங்கள்.

கடினமான பகுதி திரும்பும் வழிதான். அதே படிகளை வெயிலில் ஏற வேண்டியிருப்பதால், குடிநீரில் பாதியை இதற்கென்றே மிச்சம் வையுங்கள்; ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு லிட்டர் தேவைப்படும். கொண்டுபோன உறை, புட்டி எதையும் விட்டுவராதீர்கள்.

ஊர் திரும்பியதும் நேரம் இருந்தால், வயல்களுக்கு மேலே உள்ள காட்டைக் காட்டும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். 'முயோங்' எனப்படும் அந்தக் காடுகளைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றன. மழைநீரைப் பிடித்து வைத்து, வாய்க்கால் வழியே முதல் வயலுக்குத் தருவது அதுதான். இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, பராமரிப்பு குறைந்து சுவர்கள் சரிந்ததால் இந்த வயல்கள் 2001இல் யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2012இல்தான் நீக்கப்பட்டன. ஆகவே வழிகாட்டிக் கூலியில் பேரம் பேசாதீர்கள். சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் அந்த ஊரிலேயே பெறுங்கள். தினாவோன் அரிசி விற்பனைக்குக் கிடைத்தால் ஒரு கிலோவாவது வாங்கி வாருங்கள்.