தாடை மூட்டு வலி: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

காதுத் துளைக்குச் சற்று முன்னே விரல் நுனியை வைத்து வாயைத் திறந்தால், உள்ளே உருண்டு முன்னோக்கி நகர்வதுதான் தாடை மூட்டு. வலியில்லாமல் 'டக்' என்று ஓசை மட்டும் வருமானால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. வலியோடு வருபவர்களிலும் பெரும்பாலானோர் மென்மையான உணவு, ஒத்தடம், வலி மாத்திரை, இரவில் பல்லில் மாட்டும் காப்பு, தாடைப் பயிற்சி ஆகியவற்றாலேயே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். வலி மெல்லும் தசையிலிருந்து வருமானால் மூட்டைத் திறந்து பயனில்லை; ஆகவே வலியின் ஊற்று எது என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே அளவுகோலை வைத்து வாய் திறப்பை வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். அது 35 மில்லிமீட்டருக்குக் கீழேயே நின்று, வலியும் தணியாவிட்டால், வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். மூட்டினுள் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு விலகியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், எலும்பின் தேய்மானம் சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்.

பொதுவாகச் சிறிய சிகிச்சையிலிருந்தே தொடங்க வேண்டும். மூட்டில் இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே உப்புநீரை ஏற்றி மற்றொன்றின் வழியே வெளியேற்றிக் கழுவும் முறையை, 1991-இல் இஸ்ரேலிய நிபுணர் டோரிட் நிட்சானும் உடன் பணியாற்றியோரும் விவரித்தனர். அழற்சிப் பொருள்கள் வெளியேறுவதோடு ஒட்டிக்கொண்ட வட்டும் நெகிழ்வதால், திடீரென வாய் திறக்க முடியாமல் போனவர்களுக்கு இது நன்கு உதவுகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அடுத்த படி, நுண்குழாய்க் கருவியால் உள்ளே பார்த்துச் சரிசெய்வது. காதின் முன்புறம் கீறி மூட்டைத் திறப்பது அதற்கும் பிறகுதான். எலும்போடு எலும்பு ஒட்டிப் போனவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர்களுக்குத் திறந்த அறுவையே வழி.

முழு மூட்டு மாற்றத்தைக் கடைசி வழியாகவே கருதுங்கள். 1980-களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்து பொருத்தப்பட்ட உள்வைப்புகள் துகள்களாகச் சிதைந்து, பலருக்குச் சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. இன்றைய செயற்கை மூட்டுகள் டைட்டானியம், கோபால்ட்-குரோமியம், உறுதியான பாலிஎத்திலீன் ஆகியவற்றால் ஆனவை. ஆயினும் எந்தப் பொருள் பொருத்தப்படுகிறது என்பதையும், முக நரம்பின் கிளை பாதிக்கப்பட்டுப் புருவத்தை உயர்த்த முடியாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

அறுவைக்குப் பின், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாள்களுக்கு ஒரு குச்சி எனக் கூட்டுவது எளிய முறை. வலிக்குப் பயந்து நிறுத்தினால், உள்ளே தழும்பு இறுகி வாய் மீண்டும் சுருங்கும். காய்ச்சலோ, காயத்தில் சீழோ, மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் திடீரென மாறியதோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.