கடலில் எண்ணெய் பரவினால் கோவில் சபையார் செய்ய வேண்டியவை

2020 ஜூலை 25 அன்று மொரிஷியசின் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து, ஆகஸ்ட் 6 முதல் சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது, மக்கள் காய்ந்த கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, காலிப் பாட்டில்களைக் கட்டி, எண்ணெயைத் தடுக்கும் மிதவை அணைகள் செய்தனர். அவ்வாறே நீங்களும் செய்யலாம். ஆனால் கையுறையின்றி எவரும் இறங்கலாகாது. கர்ப்பிணிகளையும் சிறுவரையும் கரைக்கு அழைத்து வராதீர்கள். அலையாத்தி மரங்கள் சேற்றுக்குமேல் நீட்டும் மூச்சுவேர்களை மிதித்துவிடாதீர்கள். எண்ணெய் ஊறிய தோகையை எரித்தால் நஞ்சு காற்றில் கலக்கும். தனிப்பையில் கட்டி அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, இழப்பைப் பதிவு செய்தல். எந்த நாள் முதல் கடலுக்குப் போகவில்லை, வலை எண்ணெயில் ஊறியதா, வீட்டில் எவருக்கு மூச்சுத்திணறல் என்பவற்றை, மொரிஷியஸ் மீனவர் பேசும் கிரியோல் மொழியிலேயே, தேதியோடும் படத்தோடும் எழுதி வையுங்கள். மீன்பிடி உரிமம் இல்லாதவர்களே இழப்பீட்டுப் பட்டியலில் எளிதில் விடுபடுகிறவர்கள் என்பதால், அவர்களிடம் முதலில் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்குப்பின் பேசுவோர், நீர் சிவனின் எட்டு வடிவங்களுள் ஒன்று என்பதை நினைவூட்டி, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லட்டும். பிழைப்பை இழந்து நிற்பவரிடம் அது வினைப்பயன் என்று மட்டும் சொல்லவே கூடாது.