நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டால்

அப்பச்சிக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து ஆறு வருடம். காரைக்குடி வீட்டில் முகப்பிலிருந்து உள்முற்றமான வளவுக்குப் போகும் நிலைப்படிதான் எதிரி. அங்கே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நான் இழுத்து, இருவரும் விழுந்திருக்கிறோம். நிற்கவிடுங்கள். உடம்பை இடமும் வலமுமாக மெல்ல அசைக்கச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள்.

பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் அழகுதான், கண்ணைக் குழப்பும். அதன்மேல் ஒரு காலடி இடைவெளியில் வெள்ளை டேப்பைக் கோடு கோடாக ஒட்டினேன். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் எழுகிறது. (ஆத்தாவுக்குத்தான் டேப் பிடிக்கவில்லை.)

இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கறியின் புரதம் அதை உடம்பில் சேரவிடாது. குமட்டினால் ஒரு பிஸ்கட்.

அப்புறம், வாரம் ஒரு மத்தியானம் தங்கை வந்து அவருடன் இருப்பாள். நான் தூங்குவேன்.