முதலாம் எட்வர்டின் அண்டை நாட்டுப் பகைகளைப் படிப்பது எப்படி?

1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்ட், வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்றோடும் போரிட்டவர். இந்தப் போர்களைத் தனித்தனிக் கதைகளாக வைத்துக்கொண்டு ஆண்டுகளை மனப்பாடம் செய்பவருக்கு, அவை ஏன் மூண்டன என்பது கடைசிவரை பிடிபடாது. எனவே போர்க்களங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு சடங்கிலிருந்து படிப்பைத் தொடங்குங்கள்.

நிலமானிய முறையில் நிலத்தைப் பெறுபவர், அதை அளிக்கும் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, "இந்த நிலத்திற்காக நான் உங்கள் ஆள்" என்ற பொருளில் உறுதி சொல்வார். அந்தப் பணிவுறுதி எந்த நிலத்திற்காகச் செய்யப்பட்டது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஒரு தாளை எடுத்து, மன்னர்களின் பெயர்களுக்குப் பதிலாக நிலங்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே யார் இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் எட்வர்டுக்கு மேலே எவரும் இல்லை. ஆனால் தென்மேற்குப் பிரான்சிலிருந்த காஸ்கனியை, 1259 பாரிஸ் உடன்படிக்கையின்படி, பிரெஞ்சு மன்னரின் ஆளாகவே அவர் வைத்திருந்தார். 1267 மாண்ட்கோமரி உடன்படிக்கையில் வேல்ஸ் இளவரசர் என்று ஏற்கப்பட்ட லுவெலின், அந்தப் பட்டத்திற்காகவே ஆங்கில மன்னருக்குப் பணிவுறுதி செய்யக் கடமைப்பட்டவர். ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்சாண்டருக்கு இங்கிலாந்துக்குள் நிலங்கள் இருந்தன. அவற்றுக்கு அவர் பணிவுறுதி செய்வதில் இருதரப்பிலும் மறுப்பில்லை. அவருடைய நாட்டுக்காகவும் அவர் பணிவுறுதி செய்யக் கடமைப்பட்டவரா என்பதில்தான் வழக்கு.

அடுத்ததாக 1278ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற்கு வாருங்கள், இங்கே அவசரப்படாதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் அலெக்சாண்டர் எட்வர்டுக்குப் பணிவுறுதி செய்த நிகழ்ச்சி, இரண்டு தரப்பிலும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலப் பதிவு, ஸ்காட்லாந்து நாட்டுக்கான பணிவுறுதியைப் பின்னர் கோரும் உரிமையை எட்வர்ட் விட்டுவிடாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்கிறது. ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் மடத்து ஏட்டிலோ, ஆங்கிலத் தரப்பைச் சேர்ந்த நார்விச் ஆயர் அந்த உரிமையைப் பற்றிக் குறுக்கிட்டுச் சொன்னதும், என் நாட்டுக்கான பணிவுறுதிக்கு உரியவர் கடவுள் ஒருவரே என்று அலெக்சாண்டர் அங்கேயே மறுமொழி கூறியதாக இருக்கிறது. எந்தப் பதிவு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல முனையாதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தரப்பும் எதை விட்டுக்கொடுக்க அஞ்சியது என்று பாருங்கள். பின்னால் வந்த அரை நூற்றாண்டுச் சண்டையின் விதை அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

வேல்ஸ் பகுதியை விரைவாகவே கடக்கலாம். லுவெலின் பணிவுறுதி செய்ய மறுத்ததால் 1276-77இல் முதற்போர் மூண்டது; 1282இல் அவருடைய தம்பி டேவிட் தொடங்கிய கிளர்ச்சி, அந்த ஆண்டு டிசம்பரில் லுவெலின் கொல்லப்படுவதிலும், 1284 ருட்லன் சட்டத்தின்கீழ் நாடு எட்வர்டின் நேரடி ஆட்சிக்குள் போவதிலும் முடிந்தது. கான்வி, கர்னார்வன், ஹார்லெக் கோட்டைகள் அந்த வெற்றியின் சாட்சிகளாக நிற்கின்றன.

ஸ்காட்லாந்தில் 1286 மார்ச்சில் அலெக்சாண்டர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வாரிசான பேத்தி மார்கரெட்டும் 1290இல் ஆர்க்னியில் இறந்துபோனாள். அரியணைக்கு உரிமை கோரியவர்களில் எவருடைய உரிமை செல்லும் என்று தீர்த்துவைக்க வந்த எட்வர்ட், 1291இல் நார்ஹம் என்ற இடத்தில், முதலில் தம்மை மேலாதிக்கத் தலைவராக ஏற்கவேண்டும் என்றார். மன்னர் இல்லாத நிலையில் அதற்கு விடை சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று ஸ்காட்டியர் பதிலளித்தார்கள். அது எவ்வளவு கவனமாகச் சொல்லப்பட்ட பதில் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்! நாட்டின் சார்பில் கிடைக்காத ஒப்புதலை எட்வர்ட் உரிமை கோரியவர்களிடம் வாங்கினார். மறுப்பவருக்கு அரியணை கிடைக்காது என்னும்போது அவர்கள் எப்படி மறுப்பார்கள்? 104 பேர் கொண்ட நடுவர் மன்றம் ஆராய்ந்த பிறகு, 1292 நவம்பரில் தீர்ப்பு ஜான் பேலியலுக்குச் சாதகமாக வந்தது.

இப்போது தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, 1293ஆம் ஆண்டை இருபுறமும் எழுதுங்கள். இடப்பக்கம், பேலியலின் தீர்ப்புக்கு எதிராக மக்டஃப் என்ற ஸ்காட்டியர் செய்த மேல்முறையீட்டுக்காகப் பேலியலைத் தம் நாடாளுமன்றத்தின் முன் நிற்கவைக்கிறார் எட்வர்ட். வலப்பக்கம், நார்மண்டி மாலுமிகளுக்கும் எட்வர்டின் குடிகளுக்கும் நடந்த கடற்சண்டைக்காக எட்வர்டையே பாரிஸுக்கு வந்து விடை சொல்லும்படி அழைக்கிறார் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப். தாம் பேலியலிடம் கோரிய அதே கீழ்ப்படிதலைப் பிலிப் தம்மிடம் கோரியபோது எட்வர்டுக்கு அது தாங்கமுடியாததாக இருந்தது. 1294இல் பிலிப் காஸ்கனியைப் பறிமுதல் செய்தார். அந்தப் போருக்குப் படையோடு வரும்படி எட்வர்ட் ஸ்காட்டியரை அழைத்தார். அவர்களோ 1295இல் பிலிப்போடு கூட்டுச் சேர்ந்தார்கள். மூன்று பகைகளையும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 1296இல் ஸ்காட்லாந்தின் பெர்விக் நகரம் எட்வர்டின் படையால் சூறையாடப்பட்டு, பேலியலின் உடையிலிருந்த அரசச் சின்னம் கிழித்தெடுக்கப்பட்டதையும், எட்வர்டை எதிர்த்த ஸ்காட்டியத் தலைவர்கள் வாலஸ், புரூஸ் ஆகியோரின் எழுச்சிகளையும் இதற்குப் பிறகு படித்தால் அவை தாமாகவே இடத்தில் பொருந்தும்.

சான்றுகளைக் கையாளும்போது காலத்தைச் சரிபார்க்க மறக்காதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் எட்வர்டின் கல்லறைமேல் "ஸ்காட்டியரின் சம்மட்டி" என்ற பொருளில் லத்தீன் வரி இருக்கிறது. அது 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அவர் காலத்தவரின் மதிப்பீடாக அதை மேற்கோள் காட்டக்கூடாது. 1291இல் எட்வர்ட் தம் மேலாதிக்கத்திற்கு ஆதாரம் தேடித் தரும்படி மடங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தார் என்பதையும் மடத்து வரலாற்றேடுகளைப் படிக்கும்போது நினைவில் வையுங்கள்.

கடைசியாக, இரண்டு ஆவணங்களைச் சேர்த்துப் படியுங்கள். மார்கரெட் உயிரோடிருந்தபோது எட்வர்டின் தூதர்களும் ஸ்காட்டியரும் செய்துகொண்ட 1290 பர்கம் உடன்படிக்கை, ஸ்காட்லாந்து இங்கிலாந்திலிருந்து தனித்து, எவருக்கும் கீழ்ப்படாமல் இருக்கும் என்று உறுதியளித்தது. பேச்சுவார்த்தை மேசையில் எட்வர்டின் தூதர்கள் ஒப்புக்கொண்ட அதே நிலையை, போர்களெல்லாம் நடந்து முடிந்த பிறகு, 1328இல் அவருடைய பேரன் மூன்றாம் எட்வர்டின் பெயரில் இங்கிலாந்து மீண்டும் எழுதிக்கொடுக்க நேர்ந்தது.